இண்டூர்க் கிணற்றில் மிதந்த கப்பல் சட்டைகள்

அக்கா, போன வாரம் ஒகேனக்கல்லில் ஒரு பரிசல்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். நீங்கள் இருந்திருந்தால் வீடு திரும்பியதும் போன் செய்து சொல்லியிருப்பேன். நீங்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

மகள், மருமகன், பேத்தி எல்லோரும் பரிசலுக்காக நின்றோம். இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன்னால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுக்கிறார்கள். ஆரஞ்சு நிறம், உள்ளே ஏதோ நுரை அட்டை, எத்தனையோ பேர் உடம்பில் ஏறி இறங்கிய ஈர நெடி. பேத்திக்குக் கொடுத்ததை வாங்கிப் பார்த்தேன். பக்கத்து வாரின் தையல் பாதி விட்டிருந்தது. வேறு கொடுங்கள் என்றேன். அடுத்ததில் கொக்கியே இல்லை. அதற்கடுத்ததைப் புரட்டிப் பார்த்து, வாரைப் பிடித்து என் பலத்தையெல்லாம் சேர்த்து நான் இழுத்தபோது வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். மருமகன் எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசல்காரர் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க கவர்மெண்டுங்களாம்மா?" என்று கேட்டார். ரிட்டயர் ஆகிவிட்டேன் என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புதிதாக ஒன்றை எடுத்து வந்தார்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் அந்த ஈரத்துணி நெடி கையை விட்டுப் போகவில்லை. மற்றவர்களுக்கு அது நாற்றம். எனக்கோ இண்டூரில் மாதேஷ் அண்ணன் கிணற்று மேட்டில் நீங்களும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து லைஃப் ஜாக்கெட்டுகளைப் பிழிந்த நாட்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலம். நான் சென்னையில், ராணுவத்துக்கும் கடற்படைக்கும் வாங்குகிற துணிச் சாமான்களைச் சோதிக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் சின்ன ஆய்வாளர். கூடாரம், தோள்பை, கயிறு, அங்கி என்று தனியார் செய்து கொடுப்பதெல்லாம் ஒப்பந்தத்தில் சொன்னபடி இருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது எங்கள் வேலை. எங்கள் முத்திரை விழாமல் ஒரு துண்டு நாடாகூடக் கப்பலேற முடியாது. கிழக்குக் கடற்கரையில் அப்போது ஒரு ரோந்துக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் போகிறவர்களுக்கான லைஃப் ஜாக்கெட்டுகளைச் செய்து தரும் ஒப்பந்தத்தைச் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. அந்தக் காலத்து ஜாக்கெட்டுக்குள் இருந்தது இலவம் பஞ்சுதான். இலவம் பஞ்சு நம் பக்கத்தில் தாராளம், அதைக் கையாளத் தெரிந்தவர்களும் நம் பக்கத்தில்தான். அதனால் கம்பெனி அந்த வேலையை உங்கள் மெத்தைக் கடையில் கொண்டுவந்து இறக்கியிருந்தது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உங்கள் கடைக்கு நான் முதலில் வந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது. பெரிய ஆபீசர் ஜீப்பில் வருவார் என்று எதிர்பார்த்து நீங்கள் வாசலைக் கழுவிக் கோலப்பொடியில் ஒரு கோடுகூட இழுத்து வைத்திருந்தீர்கள். வந்தது பஸ்ஸில், தோளில் ஒரு கித்தான் பையோடு, ஒல்லியாக ஒரு பெண். பைக்குள் இரும்பு எடைக்கற்கள். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்து, என்னம்மா இரும்புக் கடையா வைக்கப் போறீங்க என்று வழியெல்லாம் கேலி செய்திருந்தார். நான் எரிச்சலோடு இறங்கினேன். நீங்கள் என்னைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்து, "ஆபீசரு பின்னால வராருங்களா?" என்று கேட்டீர்கள். நான்தான் ஆபீசர் என்றதும் உங்களுக்கு வந்த சிரிப்பை முந்தானையில் மறைத்தீர்கள். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று பல வருடங்கள் கழித்துத்தான் சொன்னேன்.

உங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு கடையை நீங்களே நடத்திக்கொண்டிருந்தீர்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டுக்குள் உருது, வாடிக்கையாளரிடம் தமிழ், பஞ்சு வாங்கக் காரிமங்கலம் சந்தைக்குப் போனால் தெலுங்கு. தையல் மெஷின்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரையும் அதட்டியே பேசுவீர்கள், ஆனால் யாராவது ஒருத்தி மதியம் சாப்பிடாமல் இருந்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. அந்த ஜாக்கெட்டுக்குக் கம்பெனிக்காரன் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் பெயரை நீங்கள் யாரும் வாயில் போட்டுக்கொள்ளவே இல்லை. உங்கள் கடையில் அது கடைசி வரைக்கும் "கப்பல் சட்டை"தான்.

முதல் நாளே நமக்குள் ஒரு கசப்பு வந்தது. உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீரும் டம்ளரில் டீயும் கொண்டுவந்து வைத்தீர்கள். நான் வேண்டாம் என்றேன். டீ குடிக்காவிட்டால் பரவாயில்லை, தண்ணீராவது குடியுங்கள் என்றீர்கள். அதையும் வேண்டாம் என்றேன். சோதனை செய்கிற இடத்தில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீசில் எழுதப்படாத சட்டம். நான் அதில் ஒரு படி மேலே போய், தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் புதுசு, வீம்பும் புதுசு. நான் பாப்பிரெட்டிப்பட்டியில் பிறந்தவள்தான். நம் ஊர்ப்பக்கம் வாசலுக்கு வந்தவர் தண்ணீரைத் தள்ளினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும், நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நீங்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்டதற்கு மட்டும்தான் பதில்.

அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை ஒரு வேடிக்கை செய்தீர்கள். நான் தையலை எண்ணிக்கொண்டிருந்தபோது எதிர்ச்சாரி டீக்கடைக்காரர், நெற்றி நிறைய விபூதியோடு, தன் கையாலேயே ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து நீட்டினார். நீங்கள் மெஷினுக்குப் பின்னால் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் வழக்கம்போல வேண்டாம் என்றேன். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். உடனே நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"அவரு கையாலயும் குடிக்கல. அப்ப செரி. நான்தான் வேற மாதிரி நெனச்சிட்டனுங்க மேடம்."

என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "நெனச்சது போச்சு, வுடுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் இவளுக்கு ஆகாது போலிருக்கிறது என்று இத்தனை நாளாக மனதில் வைத்துப் புழுங்கியிருக்கிறீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டு அம்மாள் வெள்ளி டம்ளரில் கொடுத்த மோரையும் இப்படித்தான் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். வெள்ளி டம்ளரையா வேண்டாமென்றீர்கள் என்று அதற்கும் சிரித்தீர்கள். ஊர் ஊராகப் போய் நான் எல்லோரையும் சோதித்துக்கொண்டிருந்தேன். என்னைச் சோதித்துப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

அன்றிலிருந்து மத்தியானத்தில் நான் பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போது நீங்களும் வந்து பக்கத்தில் உட்காருவீர்கள். ஒன்றும் கொண்டுவர மாட்டீர்கள், ஒன்றும் கொடுக்க மாட்டீர்கள். சும்மா துணைக்கு. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் நெளிந்தபோது, "சாப்புடறதப் பாக்கறதுக்கும் ரூல் இருக்குதுங்களா மேடம்?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து அதற்கு ரூல் இல்லை.

கப்பல் சட்டையைச் சோதிக்கத் தண்ணீர் வேண்டும், அதுவும் ஆழமான தண்ணீர். சட்டைகளை ஒரு இரும்புக் கூண்டில் வைத்துத் தண்ணீருக்குள் முழுதாக அமுக்கி ஒரு பகல் ஒரு இரவு விட்டுவிட வேண்டும். பிறகு எடுத்து, அடியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, இவ்வளவு கனத்தையும் சுமந்துகொண்டு மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். தருமபுரியில் அதற்கு எங்கே போவது? உங்களுக்குப் பஞ்சு போடுகிற மாதேஷ் அண்ணன்தான் கை கொடுத்தார். இண்டூரில் அவர் நிலத்து வரப்பெல்லாம் இலவ மரம், நடுவில் படி வைத்த பெரிய கிணறு. சோதனை நாளில் மோட்டார் போடாமல் தண்ணீரை எங்களுக்கு விட்டுவைப்பார். மழை பொய்த்த வருடத்தில்கூட, தக்காளிச் செடி வாடினாலும் பரவாயில்லை என்று விட்டுவைத்தார். ஊர்ப் பெண்கள் புல் அறுக்கப் போகிற வழியில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கடலையே பார்க்காத ஊரில் கப்பலுக்குச் சட்டை தைக்கிறார்களாம், கிணற்றில் போட்டுப் பார்க்கிறார்களாம் என்று அவர்களுக்கு ஒரே சிரிப்பு.

மாதேஷ் அண்ணனுக்கு ஒரு சந்தேகம். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், கடல் தண்ணீர் உப்பு, இதில் மிதந்தால் அதில் மிதக்குமா என்று கேட்டார். உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாகத் தூக்கிவிடும், இங்கே மிதந்தால் அங்கே கவலையே இல்லை என்றேன். நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். யார் இந்தச் சட்டையைப் போடுவார்கள், எந்த ஊர்ப் பிள்ளைகள், நீச்சல் தெரியாதவர்களும் கப்பலில் வேலைக்குப் போவார்களா என்றெல்லாம் விசாரித்தீர்கள். சாமானைப் பற்றிக் கேள்வி கேட்ட முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொள்கிறவனைப் பற்றிக் கேட்டவரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

லாட் என்று நாங்கள் சொல்கிற தொகுதிகளில் முதலாவது சுத்தமாகத் தேறியது. கட்டுகளிலிருந்து நானாக எடுத்த சட்டைகள் கிணற்றில் ஒரு நாள் கிடந்தும் கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றன. முத்திரை குத்தினேன், லாரி ஏறியது, கப்பல் கட்டும் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது லாட் அதைவிடப் பெரியது. அதற்கு நான் வந்தபோது கம்பெனியின் ஏஜெண்டும் கூடவே வந்திருந்தார். கப்பலைக் கடற்படையிடம் ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது, சீக்கிரம் முத்திரை வேண்டும் என்று அவருக்கு அவசரம். சட்டைகளைக் கிணற்றில் இறக்கினோம். மறுநாள் காலையில் கூண்டைத் தூக்கித் திறந்தோம். சில சட்டைகள் மேலே வந்தன. சில, எடைக்கல்லைக் கட்டியதும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டன.

மூழ்கியதில் ஒன்றைக் கிணற்று மேட்டில் வைத்துக் கிழித்தேன். சட்டையின் மேல்துணிக்குள் பாலிதீன் பைகள் இருக்கும். பைக்குள் பஞ்சை அடைத்து வாயைச் சூட்டால் ஒட்டிவிடுவார்கள். பையில் காற்றும் புகக்கூடாது, தண்ணீரும் புகக்கூடாது, அதுதான் அந்தச் சட்டையின் உயிர். அன்று பார்த்த பைகளின் நடுவில், மேலிருந்து கீழே ஊசி குத்தி இழுத்து, அழகாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தது. மெத்தையில் அங்கங்கே போடுகிற அதே முடிச்சு. ஊசி போன துளை வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருந்தது. இலவம் பஞ்சு சட்டென்று நனையாது, அதனால்தான் முதலில் ஒன்றும் தெரியவில்லை.

நான் நிமிர்ந்தபோது உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் போட்டதுதானுங்க" என்றீர்கள்.

தைத்து முடித்த சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது பஞ்சு கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்றதாம். பஞ்சு ஒதுங்குகிற மெத்தையைக் கடையை விட்டு அனுப்புவது உங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். ஊசி படக்கூடாது என்று கம்பெனியில் சொன்னதை, ஒட்டிய ஓரத்தில் படக்கூடாது என்று எடுத்துக்கொண்டீர்கள். கப்பலில் போகிறவன் நெஞ்சுப் பக்கம் பஞ்சில்லாமல் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆவான் என்று பயந்து, தையல்காரப் பெண்களை நம்பாமல், ஒவ்வொரு பையாக நீங்களே உட்கார்ந்து முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நேரம் கிடைக்காத பைகள் மட்டும் தப்பித்தன. யாரோ ஒருவனைக் காப்பாற்றுவதற்காக அவன் மூழ்குவதற்கு வழி செய்துவிட்டீர்கள். உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் திட்டியிருப்பேன், அது உங்களுக்கே தெரியும்.

ஏஜெண்ட் சுற்றி வளைக்கவில்லை. மூழ்கியதை ஒதுக்கி வைத்துவிட்டு மிதந்ததை மட்டும் சாம்பிளாகக் கணக்கில் காட்டலாம் என்றார். துளையின் மேல் டேப் ஒட்டிவிடலாம் என்றார். கடைசியில், "கப்பலை ஓட்டத்தானே போறாங்க மேடம், மூழ்கடிக்கவா போறாங்க?" என்று கேட்டார். நான் முடியாது என்றதும் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு வரப்பு மேல் நடந்தார். அங்கே அவர் என்ன சொன்னார் என்று பிறகு நீங்கள் சொல்லித் தெரிந்தது. இந்த லாட் தேறாமல் போனால் ஒப்பந்தம் போய்விடும், ஒப்பந்தம் போனால் கம்பெனி கொடுத்த மெஷினெல்லாம் திரும்பிப் போய்விடும், அத்தனை பெண்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மேடம் உங்கள் சிநேகிதிதானே, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். இதைச் சொல்லிவிட்டு, சென்னைக்கு ட்ரங்க் கால் போட வேண்டும் என்று தருமபுரிக்குப் போய்விட்டார்.

நீங்கள் வரப்பிலிருந்து என்னை நோக்கி நடந்து வந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடாமல் நான் கட்டிக் காத்ததெல்லாம், நீங்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் நிற்குமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கேட்காதீர்கள் அக்கா, கேட்காதீர்கள் அக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தீர்கள். மாதேஷ் அண்ணன் கூண்டைக் கழுவுவதுபோல் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார்.

"மேடம், மொத லாட்டு கடைசில கொஞ்சத்துக்கும் முடிச்சு போட்டனோன்னு இருக்குதுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. முதல் லாட் தேறிப் போய்விட்டது. முத்திரை குத்தியாகிவிட்டது, கப்பல் தளத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்கவில்லை, யாருக்கும் கேட்கத் தோன்றியிருக்கவும் முடியாது. நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. தெரிஞ்சா போட்டேன்னோ போடலன்னோ சொல்லிருவேன். தெரியலயே, அதனாலதான் சொல்றேன். எழுதிருங்க மேடம்."

எழுதினால் என்ன ஆகும் தெரியுமா என்றேன். இரண்டாவது லாட்டை மட்டும் திருப்பினால் கம்பெனி உங்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தந்தாலும் தரும், கப்பலுக்குப் போனதையே திருப்பிக் கூப்பிட்டால் அதற்குப் பிறகு ஒரு நாடாத் துண்டுகூட உங்களிடம் கொடுக்க மாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அழவில்லை, கோபப்படவில்லை. "எந்தத் தாயி பெத்ததோ" என்று மட்டும் சொன்னீர்கள். நான் கிணற்றடியிலேயே உட்கார்ந்து எழுதினேன். என் சர்வீஸில் நான் எழுதியதிலேயே சின்ன அறிக்கை அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. ஏஜெண்ட் வந்து, உங்கள் வாயாலேயே உங்களைக் கெடுத்துக்கொண்டீர்கள் என்று கத்திவிட்டுப் போனார். முதல் லாட் முழுதும் லாரியில் திரும்பி வந்தது. கப்பலை ஒப்படைப்பது தள்ளிப் போனது, மேலேயிருந்து எனக்கும் கேள்விகள் வந்தன, பதில் எழுதினேன். திரும்பி வந்த சட்டைகளை உங்கள் கடையில் என் முன்னிலையில் ஒன்றுவிடாமல் பிரித்தோம். கட்டுக் கட்டாகப் பிரிக்கப் பிரிக்க ஒன்றிலும் முடிச்சில்லை. தையல் மெஷினில் இருந்த கோவிந்தம்மா, ஒன்றுமில்லாததற்கு எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டீர்களே என்று என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். நீங்கள் அவளை அதட்டினீர்கள், ஆனால் உங்கள் குரலிலும் தெம்பு இல்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிக் கட்டைப் பிரித்தபோது முடிச்சுகள் இருந்தன. அந்தக் கட்டில் மட்டும், நடுவில் உங்கள் கை முடிச்சோடு, பை பையாக. நீங்கள் ஒரு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். கோவிந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அல்லா காப்பாத்திட்டான்" என்று நீங்கள் சொன்னது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். நான் சோதனைக்கு எடுத்தது வேறு கட்டுகளிலிருந்து. என் கை அந்தக் கட்டுக்குப் போகவே இல்லை.

ஒப்பந்தம் போனது. மெஷின்களைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அவற்றை லாரியில் ஏற்றிய அன்று நான் கடைசியாகக் கையெழுத்துப் போட வந்திருந்தேன். வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது நீங்கள் வந்து என் தோள் பையைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

"இனிமே நீ எனக்கு மேடமும் இல்ல, நான் உனக்கு காண்ட்ராக்டும் இல்ல. வூட்டுக்கு வா கண்ணு, சாப்புடு."

அந்தக் "கண்ணு" என்ற சொல்லுக்கு நான் அங்கேயே, பஸ் ஸ்டாண்டில், எல்லோரும் பார்க்க அழுதுவிட்டேன். உங்கள் வீட்டில் களியும் கறிக்குழம்பும். களியை உருட்டி வைத்துக் குழி பறித்துக் குழம்பை நீங்களே ஊற்றினீர்கள். போதும் போதும் என்றாலும் விடவில்லை. அதற்கு மேல் டீ. ஒரு டம்ளர் முடிந்ததும் அடுத்தது, இத்தனை நாள் வேண்டாம் என்றாயே, அதையெல்லாம் சேர்த்துக் குடி என்று. சென்னை போய்ச் சேரும் வரைக்கும் வயிறு கனத்துக்கொண்டே இருந்தது. சொந்த வீட்டில்கூட நான் அப்படிச் சாப்பிட்டதில்லை.

பிறகு நீங்கள் மெத்தை, தலையணை என்று பழைய வேலைக்கே போனீர்கள். கோவிந்தம்மாவையும் இன்னும் இரண்டு பேரையும் கூடவே வைத்துக்கொண்டீர்கள். மற்றவர்களுக்கு வேலை கொடுக்க முடியாமல் போனது உங்களுக்கு வெகு நாள் உறுத்தல். ஒரு தடவை சென்னைக்கு வந்தபோது உங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். முதல் தடவையாகக் கடலைப் பார்க்கிறவர்கள் அதிசயப்படுவார்கள், பயப்படுவார்கள், காலை நனைப்பார்கள். நீங்கள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த ஒரு கப்பலைக் காட்டி, "அதுல இருக்கறவங்கல்லாம் சட்டை வெச்சிருப்பாங்களா கண்ணு?" என்று கேட்டீர்கள். வைத்திருப்பார்கள் என்றேன். யார் தைத்தது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. நல்லா தெச்சிருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

கடைசியாக உங்களைப் பார்த்தபோது படுக்கையில் இருந்தீர்கள். உங்கள் மகள் தலையைத் தூக்கிக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் டீ போடச் சொல்லி அவளை விரட்டினீர்கள். அவள் உள்ளே போனதும், வருடக்கணக்காக நாம் இருவரும் தொடாத விஷயத்தை நீங்களே எடுத்தீர்கள். அன்றைக்கு நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் முதல் லாட் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டீர்கள். கப்பலிலேயே இருந்திருக்கும், நான்தான் தேற்றிவிட்டேனே என்றேன். உனக்குத் தெரியவே வந்திருக்காதா என்றீர்கள். வந்திருக்காது அக்கா என்றேன். பிறகு உங்கள் பழைய சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது.

"அப்ப அன்னிக்கி பாதி ஆபீசரு நான்தான் கண்ணு."

அன்று நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். நீங்கள் போன பிறகுதான் அந்தச் சொல் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. பாதி என்பதே குறைவு, அக்கா. ஒரு லாட்டில் நான் எடுத்துப் பார்ப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சில. மீதியை நான் பார்த்ததே இல்லை. பார்க்காததற்கும் சேர்த்துத்தான் முத்திரை குத்தினேன். இத்தனை வருட சர்வீஸில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரோ மலை ஏறியிருப்பார்கள், கூடாரத்தில் யாரோ பனிக்காற்றுக்குத் தப்பித் தூங்கியிருப்பார்கள். அந்தக் கயிற்றையும் கூடாரத்தையும் செய்தவர்களில் பாதிப் பேரின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

அதை நினைத்துச் சில நாள் விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் நீங்கள் வரப்பிலிருந்து நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததை நினைத்துக்கொள்கிறேன். நான் பார்க்காத ஒவ்வொரு கட்டுக்கும் பின்னால், யாரும் கேட்காமலே வந்து சொல்லக்கூடிய ஒருத்தி எங்கேயோ இருந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உங்களை அறியாதவளாக இருந்தால் என்னால் இதை நம்பியிருக்க முடியாது. அறிந்ததால் நம்புகிறேன், அக்கா. நம்பித்தான் திரும்பவும் கண்ணை மூடுகிறேன்.